ஒரு வீட்டுக்கு ஒரு கல்

1911 செப்டம்பர் 18, திங்கள்

வெயில். காற்றில் ஆற்று மணல். சிலேட்டெல்லாம் புழுதி. பிள்ளைகளைக் கழுவ வைத்து அரை நாள் போயிற்று. வாய்பாடு நடக்கவில்லை.

மதியத்துக்கு மேல் எங்கள் வீட்டுக் கல் வந்தது. வேதக்கோயிலின் முன்சுவர் செங்கல்லில் எழும்பி நிற்கிறது. அதன் முகத்தில் கல் பலகை பதிக்கப் போகிறார்கள். சபையில் வீட்டுக்கு ஒரு பலகை. அந்த வீட்டில் இறந்துபோன ஒருவர் பெயர் அதில் வெட்டியிருக்கும். நாலு விரல் கனம், ஒரு முழம் அகலம், இரண்டு முழ நீளம். வண்டியில் வைக்கோல் பரப்பிக் கொண்டுவந்தார்கள்.

என் பலகையில் என் வீட்டுக்காரர் பெயர். ஆசீர்வாதம். எழுத்து நன்றாக விழுந்திருக்கிறது. புள்ளிகூட ஆழமாக.

கண்டித் தேயிலைத் தோட்டத்தில் காய்ச்சலில் போனவர். எங்கே புதைத்தீர்கள் என்று தோட்டத்துக்கு இரண்டு தடவை எழுதிக் கேட்டேன். பதில் இல்லை. ஊரில் எல்லாருக்கும் கல்லறைத் தோட்டத்தில் போய் நிற்க ஓர் இடம் உண்டு. எனக்கு இனி இந்தப் பலகை.

ராத்திரிக்குக் கஞ்சி. துவையல் அரைக்கவில்லை.

செப்டம்பர் 21, வியாழன்

கோயில் முற்றத்தில் சுண்ணாம்புக் குழி. கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் விட்டு இடிக்கிறார்கள். எறும்பு சாரை சாரையாக. கருப்பட்டி உபயம் வேதமாணிக்கம் அண்ணாச்சி, கருப்பட்டி வியாபாரி, சபைக் கமிட்டித் தலைவர். (இனி வே.மா. பெயரை முழுக்க எழுத என் மை போதாது.) பாதிக் கருப்பட்டி சித்தாள்கள் வாயில் போகிறது என்று அவருக்குக் குறை. சித்தாள் பேச்சி அவர் காதில் விழவே சொன்னாள்: "தின்னா என்ன, அண்ணாச்சி? வயிறும் கெட்டியாவட்டும், செவரும் கெட்டியாவட்டும்."

சாயந்தரம் அண்ணன் வந்தார். மாசிலாமணி மேஸ்திரி என்றால் ஸ்ரீவைகுண்டம் வரை தெரியும். என்னிடம் மட்டும் வாசலில் நின்று செருமுவார். செருமினால் ஏதோ கேட்க வந்திருக்கிறார் என்று அர்த்தம்.

"ஏளா, ஒன் கல்ல எனக்குப் பிடிகல்லுக்குத் தருவியா?"

எனக்குப் புரியவில்லை. விளக்கினார். எல்லாப் பலகையையும் முகம் காட்டித் தட்டையாக ஒட்டினால் நிற்காது. இடையிடையே சிலதை விளிம்பில் நிறுத்தி, நீளவாட்டில் செங்கல்லுக்குள் செருக வேண்டும். அதுதான் மற்றக் கற்களைச் சுவரோடு பிடித்துக்கொண்டு நிற்கும். அதற்கென்று செங்கல் எழுப்பும்போதே பொந்து விட்டு வைத்திருக்கிறாராம். செருகிய கல்லில் வெளியே தெரிவது நாலு விரல் விளிம்பு. பெயர் உள்ளே போய்விடும்.

"அப்பா பேரு போட்ட நம்ம கல்ல மொதல்ல உள்ள வச்சிட்டேன். அது ஒண்ணு பத்தாது."

அப்பா பெயரை யாரிடமும் கேட்காமல் உள்ளே போட்டுவிட்டார்! கோபம் வந்துவிட்டது. "அப்பா பேரையும் முழுங்கியாச்சு, இப்ப எங்க வீட்டுக்காரர் பேருமா?" என்றேன். "விளிம்புல ஒரு எழுத்து வெட்டித் தாரேன்" என்றார். ஒரு 'ஆ'. ஆபிரகாமா, ஆரோனா, யாருக்குத் தெரியும்?

மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். போய்விட்டார். அவருக்கு வைத்திருந்த காப்பி ஆறிப்போயிற்று. நானே குடித்தேன்.

செப்டம்பர் 24, ஞாயிறு

ஆராதனை முடிந்து கூட்டம். பிடிகல் சமாசாரத்தை அண்ணன் சபையில் வைத்தார்.

காதில் விழுந்தவை:

"எங்க மாமனார் பேரு செங்கல்ல பாத்துக்கிட்டு இருக்கணுமா?"

"அப்ப மேஸ்திரி சொந்தக்காரங்க கல்லெல்லாம் வெளிய, எங்க கல்லு உள்ளயோ?" (அண்ணன் வீட்டுக் கல்தான் முதலில் உள்ளே போனது. அதைச் சொல்ல ஆளில்லை. நானும் சொல்லவில்லை.)

"யாராச்சும் உள்ள குடுங்க. நாங்க வேண்டாங்கல."

பெயர் வெட்டாத வெறுங்கல் வாங்கிச் செருகலாமே என்று எங்கள் பாதிரி ஐயர் கேட்டார். கூட்டம் எழுந்தே விட்டது. ஒரு வீட்டுக்கு ஒரு கல், கூடவும் கூடாது, குறையவும் கூடாது, பெயரில்லாத கல் ஏறவே கூடாது என்பது தீர்மானம். கோயில் மணி வாங்கியபோது ஒரு வீட்டார் கூடக் கொடுத்தார்கள். இன்றைக்கும் மணி அடித்தால் அவர்கள் வீட்டுப் பெண்கள் "எங்க மணி" என்கிறார்கள். அந்தப் புண் இன்னும் ஆறவில்லை. வெறுங்கல் என்றால் யார் கொடுத்தது என்று நாளைக்கு ஒருவன் கிளம்புவான். அந்தப் பயம் எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

கடைசியில் வே.மா.: "நீரு மேஸ்திரி. ஒட்டி வைக்கது ஒம்ம வேல வே. பேர மறைக்கது இல்ல."

ஐயர் சமாதானமாகப் போங்கள் என்று ஜெபம் செய்து முடித்தார். எல்லாம் தட்டையாகவே பதிப்பது என்று முடிவு.

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 27, புதன்

பொந்துகளைச் செங்கல் துண்டு வைத்து அடைத்தார்கள். அண்ணன் தானே அடைத்தார், ஆளை விடவில்லை. மதினி சாப்பாடு கொண்டுவந்து வெகுநேரம் நின்றாள். மதினி பெயர் அன்னம். பெயருக்கேற்ற மாதிரி எப்போதும் தூக்குச்சட்டியும் கையுமாகத்தான் அவளைப் பார்க்க முடியும்.

நாலாம் வகுப்பில் மூன்று பேருக்குக் கண்நோய்.

அக்டோபர் 5, வியாழன்

அவர் கல் ஏறிற்று.

வாசலுக்கு வலப்பக்கம், நான் நின்றால் முகத்துக்கு நேரே. அந்த இடத்தை நான் கேட்கவில்லை. அண்ணனாகத்தான் வைத்தார். சாரத்தில் நின்று கல்லைத் தட்டித் தட்டி மட்டம் பார்த்தார். கீழே என்னைப் பார்த்து, "போதுமா?" என்றார். கேலி இல்லை.

எல்லாரும் போன பிறகு தொட்டுப் பார்த்தேன். கல் வெயிலில் சூடாக இருந்தது. எழுத்துக்குள் விரல் போயிற்று. எத்தனை வருஷத்துக்கு அப்புறம். சந்தோஷமாக இருந்தது. எழுதி வைக்கிறேன், சந்தோஷமாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து பொரிகடலைத் துவையல் அரைத்தேன்.

அக்டோபர் 11, புதன்

தினமும் பள்ளிக்கூடம் விட்டு அந்த வழியாக வருகிறேன். சுற்று வழிதான். பக்கத்துக் கல்லுக்காரிகளும் வருகிறார்கள். அவரவர் கல்லைத் துடைக்கிறோம். என் முந்தானைதான் அழுக்கு. கல்லில் ஒரு தூசி கிடையாது.

அக்டோபர் 17, செவ்வாய்

மழை பிடித்துக்கொண்டது. பாபநாசத்துப் பக்கம் இன்னும் பலமாம். ஆறு கலங்கி வருகிறது. வெள்ளம் வந்தால் பரிசல் ஓடாது. அக்கரைப் பிள்ளைகள் வரவில்லை. விறகு நனைந்து வீடெல்லாம் புகை.

சுவரின் உச்சியில் மூடுகல் இன்னும் ஏறவில்லை. அண்ணன் பனையோலை போட்டு மூடியிருக்கிறார். காற்று தூக்கிக்கொண்டு போகிறது. மறுபடி மூடுகிறார்.

அக்டோபர் 20, வெள்ளி

மழை கொஞ்சம் வெறிச்சது.

காலை ஜெபத்துக்குப் பிள்ளைகளை வரிசையாகக் கோயிலுக்குக் கூட்டிப்போகிறேன். வாசலில் நுழையும்போது இரண்டாம் வகுப்பு ரூத் தலையில் சுண்ணாம்புக் கட்டி ஒன்று பொத்தென்று விழுந்தது. சின்னக் கட்டிதான். "டீச்சர், தலையில கொக்கு பேண்டுட்டு" என்று சிரித்தாள். எல்லாப் பிள்ளைகளும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு அண்ணாந்து பார்த்தேன்.

அண்ணன் ஏற்கெனவே அங்கே நின்றிருந்தார். தூக்குக்குண்டு விட்டிருந்தார். மேலே கல்லைத் தொட்டுக்கொண்டு இறங்கும் நூல் நடுவில் வளைந்து, கீழே கல்லை விட்டு விலகித் தொங்குகிறது. சுவர் வயிறு வைத்திருக்கிறது.

"தண்ணி பொறத்தால எறங்கிட்டு. கல்லு தனி, செவரு தனி. ஒண்ணுக்கொண்ணு ஒட்டே இல்ல" என்றார். சத்தம் போடாமல், பிள்ளைகள் காதில் விழாதபடி.

பிள்ளைகளைப் பக்க வாசல் வழியாக உள்ளே விட்டேன்.

மத்தியானம் அண்ணன் வே.மா. கடைக்குப் போய்க் கேட்டார். மேலிருந்து முழுக்கப் பிரித்துப் பிடிகல்லோடு மறுபடி பதிக்க வேண்டும் என்று. பேச்சி கூடப் போயிருந்தாள், வந்து ஒப்பித்தாள்: "பிரதிஷ்டைக்கு மிஷன் துரை வாராரு. நாள் குறிச்சாச்சி. இப்பப் போயி ஏத்துன பேர எறக்குனா அபசகுனம்னு சொல்லுதாரு. முட்டுக் குடுத்து நிறுத்தும்வே, வெடிப்பப் பூசும்வேங்காரு. கல்லுக்காரங்க சம்மதிச்சா எறக்கிக்கிடும்னும் சொல்லுதாரு."

கல்லுக்காரர்கள் வீடு வீடாக அண்ணன் போனார். ஒருவரும் சம்மதிக்கவில்லை. என் வீட்டுக்கு வரவில்லை.

அக்டோபர் 22, ஞாயிறு

தூறல். எல்லாரும் அந்த வாசல் வழியாகத்தான் போனார்கள். முட்டாகச் சாத்தியிருக்கும் பனங்கட்டைகளைத் தாண்டித் தாண்டி, குடையை மடக்கிக்கொண்டு. பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு.

பிரசங்கம் ஒன்றும் காதில் ஏறவில்லை. ரூத் தலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தாள் அவள் அம்மா.

இங்கே உட்கார்ந்து யோசிக்கிறேன். அவர் பெயரை விளிம்பில் எழுத்துக்கூட இல்லாமல் உள்ளே போடுவதா? அவர் முகமே எனக்கு இப்போது சரியாக நினைவில்லை. மீசை நினைவிருக்கிறது. கல் போய்விட்டால் என்ன மிச்சம்?

ஆனால் அந்தப் பிள்ளைகள் அந்தச் சுவருக்குக் கீழே நடக்கிறார்கள்.

அக்டோபர் 23, திங்கள்

போய்ச் சொல்லிவிட்டேன். பள்ளிக்கூடம் போகும் முன்பே. சொல்லாமல் போனால் மனசு மாறிவிடும் என்று பயம்.

அண்ணன் பழைய சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "என் கல்ல எடுத்து உள்ள வைங்க. எழுத்தும் வெட்ட வேண்டாம்."

கையை நிறுத்தினார். "நெசமாவா?"

"நெசமாத்தான்."

"அழுதியாளா?"

"பொகை."

சிரித்தார். அவர் சிரித்துப் பார்த்து ஒரு மாதம் ஆகியிருக்கும். ஒருவர் கொடுத்தால் மற்றவர்களும் வெட்கப்பட்டுக் கொடுப்பார்கள், முதல் கல் நகர்ந்தால் போதும் என்றார். வாசலுக்கு வலப்பக்கப் பொந்தைத் திறந்து என் கல்லை உள்ளே திருப்பிவிட்டால், அந்தப் பக்கத்துக்காவது ஒரு பிடி கிடைக்கும். மழை ஒரு நாள் விட்டால் செய்துவிடுகிறேன் என்றார்.

மதினிதான் கேட்டாள்: "மேல உள்ளத எறக்காம நடுவுல உள்ளத எப்படிங்க எடுப்பிய?"

"முட்டுக் குடுத்திருக்கம்லா. பையப் பைய உருவிருவேன்."

மதினி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதன் அர்த்தம் எனக்குத் தெரியவில்லை. எனக்கு மனசு லேசாக இருந்தது. ஏதோ நல்லது செய்துவிட்ட மாதிரி.

அக்டோபர் 25, புதன்

வெயில் அடித்தது.

அக்டோபர் 27, வெள்ளி

மழை. பள்ளிக்கூடம் இல்லை.

எழுத வேண்டும். எழுதாவிட்டால் தலைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

புதன் காலை. நான் பக்க வாசலில் பிள்ளைகளோடு. உள்ளே பாட்டு. இரண்டாவது அடி. பிறகு அந்தச் சத்தம். இடி என்று நினைத்தேன். வெயிலில் என்ன இடி? பேச்சி கூப்பாடு.

முன் வாசலே இல்லை. புழுதியும் கல்லும். செங்கல் சுவர் வெறுமனே நிற்கிறது, ஒரு கீறல் இல்லாமல். கல் முழுவதும் தரையில். பெயர் பெயராக.

அண்ணன் இடுப்பு வரை அதற்குள்.

வே.மா.வும் ஓடி வந்தார், கடையிலிருந்து, செருப்பில்லாமல். ஆண்கள் கல்லைத் தூக்கித் தூக்கி எறிந்தார்கள். அவரவர் அப்பன் பெயர் எந்தப் பக்கம் விழுகிறது என்று அப்போது யாரும் பார்க்கவில்லை.

வண்டி கட்டினார்கள் அக்கரை ஆஸ்பத்திரிக்கு. ஆற்றில் வெள்ளம். கரை வரை போய்த் திரும்பிவிட்டது.

வைத்தியர் வந்து பார்த்துவிட்டு மதினியிடம் பேசாமல் ஐயரிடம் பேசினார்.

அதே நாள், விளக்கு வைத்த பிறகு

நினைவு வந்து போகிறது. தண்ணீர் கேட்டார். துணியில் நனைத்து உதட்டில் வைத்தேன்.

"முட்டு எறங்கிட்டுளா. தரை ஊறிப்போயிருந்திச்சி. நான்தான் பாக்கல" என்றார்.

"பேசாதீங்க அண்ணே."

"ஒன் கல்லு ஒடஞ்சிட்டா?"

இல்லை என்று சொன்னேன். இரண்டாக உடைந்து கிடக்கிறது, பெயருக்குக் குறுக்கே. இல்லை, முழுசாக இருக்கிறது என்று இன்னொரு தடவையும் சொன்னேன். "நல்ல கல்லு" என்றார்.

மதினி அடுப்படியை விட்டு வரவில்லை. அடுப்பில் ஒன்றும் இல்லை.

அக்டோபர் 28, சனி

விடியும் முன் போய்விட்டார்.

அக்டோபர் 29, ஞாயிறு

அடக்கம். குழியில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது, இறைத்து இறைத்து இறக்கினார்கள். ஊர் முழுவதும் வந்தது. ஐயர் குரல் மழையில் கேட்கவில்லை. கேட்காததே நல்லது.

நவம்பர் 2, வியாழன்

மேலிருந்து பிரிக்க வேண்டிய சுவர். அது அண்ணனுக்குத் தெரியும், மதினிக்குத் தெரியும், எனக்குத்தான் உறைக்கவில்லை. மேலே உள்ள கற்களைத் தொட அவருக்கு அனுமதி இல்லை. தொடலாம் என்று சொன்னது நான் ஒருத்திதான். அதனால் என் கல்லில் கை வைத்தார். நடுவில்.

நான் கல்லைக் கொடுத்திராவிட்டால் அன்றைக்கு அவர் சுவர்ப்பக்கம் போயிருக்க மாட்டார். முதலில் கேட்டபோதே கொடுத்திருந்தால், வேறு யாராவது பார்த்துத் தாங்களும் கொடுத்திருப்பார்களோ என்னவோ. இரண்டு பக்கமும் யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். இரண்டு பக்கமும் நான்தான் நிற்கிறேன்.

மதினி என்னோடு பேசுவதில்லை. தூக்குச்சட்டி உறியில் தொங்குகிறது.

நவம்பர் 6, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. கண்நோய் எல்லாருக்கும் பரவிவிட்டது.

இப்போது வருகிறார்கள். வரிசையாக.

"எங்க கல்ல உள்ள போட்டுக்கிடச் சொல்லுங்க டீச்சர்."

"எங்க மாமனாரு பேருதான? உள்ள இருந்தா என்ன, ஆண்டவருக்குத் தெரியாதா?"

கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அடித்து விரட்ட வேண்டும்போல இருக்கிறது. "சரிம்மா, சொல்லுதேன்" என்கிறேன். பிடிகல்லுக்குத் தேவைக்கு மேலேயே சேர்ந்துவிட்டதாம். புது மேஸ்திரி ஏரலிலிருந்து வந்திருக்கிறார். அடைத்த பொந்துகளையெல்லாம் திறந்து பார்த்துவிட்டு, யார் விட்டது இது, கணக்காய் விட்டிருக்கிறாரே என்று கேட்டாராம். அப்பா கல் மட்டும் விழவில்லை. வெறும் செங்கல் சுவரில் அது ஒன்று நீட்டிக்கொண்டு நிற்கிறது.

வே.மா. வந்தார். உட்காரச் சொல்லவில்லை, அவராக உட்கார்ந்தார். அழுதார். பொய் அழுகை இல்லை. பொய்யாக இருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

தீர்மானத்தைத் தளர்த்திவிட்டார்களாம். அண்ணன் பெயரில் சபையே ஒரு கல் வைக்குமாம். வாசல் பக்கம், எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி. மதினியிடம் கேட்டுச் சொல்லும்படி சொன்னார். அவருக்கு நேரே கேட்கப் பயம்.

எனக்கும்தான்.

நவம்பர் 9, வியாழன்

மதினியிடம் கேட்டேன். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை. நொய் விழும் வரை புடைத்தாள். பிறகு, அன்றைக்கு அப்புறம் முதல் தடவையாக, என் பெயரைச் சொன்னாள்.

"எஸ்தரு, ஒன் வீட்டுக்காரரு பேர வேணும்னா வெளிய வச்சிக்கோ. எங்க வீட்டுக்காரவுக பேர உள்ள போடச் சொல்லு. அவுக பாத்த வேலையெல்லாம் உள்ளதான கெடக்கு. வெளியில உள்ளத ஊரு பாத்துக்கிடட்டும்."

அழவில்லை அவள். நானும் அழவில்லை. முறத்தை வாங்கி மீதி அரிசியை நான் புடைத்தேன். அவள் விட்டுக்கொடுத்தாள்.

நவம்பர் 11, சனி

அவர் கல்லுக்குப் புதுப் பலகை வெட்டித் தருகிறோம் என்றார்கள். வேண்டாம் என்றேன். உடைந்ததில் பெரிய துண்டு பொந்துக்குள் போகிற நீளம்தான் என்று ஏரல் மேஸ்திரி அளந்து பார்த்துச் சொன்னார். அதையே போடச் சொல்லிவிட்டேன். சின்னத் துண்டை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கதவுக்குப் பின்னால் கிடக்கிறது.

நவம்பர் 14, செவ்வாய்

மூடாப்பு. மழை இல்லை.

காலையில் இரண்டு கல்லும் ஏறின. வாசலுக்கு வலப்பக்கம், ஒன்றின் மேல் ஒன்று. கீழே அண்ணன், மேலே அவர். மதினி வந்து தள்ளி நின்றாள். முட்டுக்கட்டைக்குக் கீழே பலகை போட்டிருக்கிறதா என்று மட்டும் கேட்டாள். போட்டிருந்தது.

பொந்தைப் பூசி மூடும் முன் மேஸ்திரி என்னைப் பார்த்தார். சாரத்தில் ஏறினேன். கையை உள்ளே விட்டேன். இருட்டில் அண்ணன் கல்லின் எழுத்து தட்டுப்பட்டது. 'மா' வரை எட்டிற்று. அதற்கு மேல் கை போகவில்லை. சுண்ணாம்பு குளிர்ந்து கிடந்தது.

இறங்கிவிட்டேன். பூசினார்கள்.

கையில் சுண்ணாம்பு, எத்தனை கழுவியும் எரிச்சல். மதியத்துக்கு மேல் பள்ளிக்கூடம் உண்டு. நாளைக் காலை ஜெபத்துக்குப் பிள்ளைகளை முன் வாசல் வழியாகக் கூட்டிப்போக வேண்டும்.